கையெழுத்து வாங்கிவிட்டால் தகராறு தீர்ந்ததாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலை மாவட்டச் செய்திகள் வரும் பக்கத்தில் ஒரே மாதிரிச் செய்தி ஒன்று அடிக்கடி வருகிறது. வழித் தகராறு, தண்ணீர்த் தகராறு, திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்ற தகராறு, யானை அடித்து ஒருவர் இறந்ததால் சாலை மறியல், எதுவாக இருந்தாலும் சரி, நாலாவது பத்தியில் ஆர்.டி.ஓ. அல்லது தாசில்தார் வந்துவிடுவார். இரு தரப்பினரையும் அழைத்துப் பேசினார், உடன்பாடு ஏற்பட்டது, அனைவரும் கலைந்து சென்றனர் என்று செய்தி முடிந்துவிடும். எனக்கு அந்த இடத்தில்தான் கேள்வியே ஆரம்பிக்கிறது. என்ன உடன்பாடு, யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், விட்டுக்கொடுத்தது எதை என்று தெரிந்துதான் விட்டுக்கொடுத்தார்களா, இதில் ஒன்றுகூடச் செய்தியில் இருக்காது.

நான் நீலகிரியில் ஒரு தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். எந்தத் தாலுகா என்று எழுதவில்லை, நாளைக்கும் அங்கேதான் உட்கார்ந்தாக வேண்டும். முன்பெல்லாம் கையால் எழுதினேன், இப்போது கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் மெஷின் எல்லாம் உண்டு. சமாதானக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் போவதற்கு முன் என்னிடம் மனு எழுதுவார்கள், முடிந்து வந்ததும் கையெழுத்துப் போட்ட தாளை ஜெராக்ஸ் எடுக்க வருவார்கள் (நகல் கையில் கொடுத்திருந்தால், அதுவே பாதி நேரம் கிடையாது). அதனால் கூட்டத்துக்குள் நான் உட்காராவிட்டாலும், உள்ளே என்ன போனது, வெளியே என்ன வந்தது என்பது எனக்குத் தெரியும். போகும்போது "எங்கள் பாட்டன் காலத்துப் பாதை" என்று இருக்கும், வரும்போது "எதிர்த்தரப்பினர் பெருந்தன்மையுடன் சம்மதித்தார்" என்று இருக்கும்.

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். ஊர் பெயர், ஆள் பெயர் வேண்டாம். ஒரு பணியர் காலனி, பழங்குடி ஜனங்கள், இருபது வீடுகூட இருக்காது. இடுகாடு கீழே ஓடையை ஒட்டி இருக்கிறது. அங்கே போகும் ஒற்றையடிப் பாதை ஒரு சிறு தேயிலை விவசாயியின் தோட்டத்துக்கு நடுவே போகிறது. பாதைதான் முதலில் இருந்தது, தேயிலை பிறகு வந்தது, அதில் இரு தரப்புக்குமே சந்தேகம் இல்லை. தோட்டக்காரர் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம், என் குடும்பத்தைப் போலவே. ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறார், பச்சைத் தேயிலை விலை இறங்கினால் அந்த வாரம் மளிகைக்கடையில் கடன் சொல்ல வேண்டியதுதான். காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் வேலி போட்டார், பாதை அடைபட்டுப் போனது. காலனியில் ஒரு பாட்டி இறந்தபோது உடலை வேலிக்கு மேலே தூக்கிக் கைமாற்றித்தான் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் வாய்ச்சண்டை, கைகலப்பு, காவல் நிலையம், அப்புறம் வழக்கம்போலப் பேச்சுவார்த்தை.

கூட்டம் நல்லபடியாகத்தான் நடந்தது என்றார்கள், டீகூடக் கொடுத்தார்களாம். தோட்டக்காரர் மூன்றடி அகலத்துக்கு ஒரு கேட் வைத்துத் தருவதாகவும், துக்க காரியம் என்றால் திறந்துவிடுவதாகவும் ஒப்புக்கொண்டார். காலனிக்காரர்கள் அந்தப் பாதைமேல் உரிமை கொண்டாடமாட்டோம் என்றும், நடந்த சம்பவம் குறித்து இரு தரப்பும் இனிமேல் புகார் கொடுப்பதில்லை என்றும் எழுதியிருந்த தாளில் கைநாட்டு வைத்தார்கள். தாள் அலுவலகத் தமிழில் இருந்தது, "மேற்படி", "ஷை" எல்லாம் போட்டு. பணியர்கள் வீட்டில் பேசுவது அவர்களுடைய மொழி, வெளியில் பேசுவது மலையாளம் கலந்த தமிழ். படித்துக் காட்டினார்களா என்று கேட்டேன். "சொன்னாங்க" என்றார் ஒருவர். என்ன சொன்னார்கள் என்றேன். "கேட் வைப்பாங்கன்னு."

மறுநாள் பத்திரிகைகளில் சுமூக முடிவு என்று செய்தி.

பிறகு தோட்டக்காரர் மகள் கல்யாணத்துக்காக நிலத்தைக் கைமாற்றிவிட்டார். எல்லாம் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்தான், பதிவெல்லாம் கிடையாது. வாங்கினவர் வெளியூர்க்காரர். கேட்டுக்குப் பூட்டுப் போட்டார், "அது அவர் கொடுத்த வாக்கு, நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை" என்றார். சட்டத்தைப் புரட்டினால் அவர் சொன்னதில் தப்பு காண்பதும் கஷ்டம். 1882-ம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டம் என்று ஒன்று உண்டு. காலங்காலமாகத் தடையில்லாமல் நடந்து வந்த பாதை என்று நிரூபித்துவிட்டால் அது உரிமை, நிலம் எத்தனை கை மாறினாலும் பாதையும் கூடவே போகும். நிலத்துக்காரர் மனமிரங்கிக் கொடுத்த அனுமதி என்றால் அப்படி இல்லை, நிலத்தை வேறொருவர் வாங்கினால் அந்த அனுமதி வாங்கினவரைக் கட்டுப்படுத்தாது. காலனி ஜனங்கள் கூட்டத்துக்குள் நுழைந்தபோது முதலாவதைக் கோரும் இடத்தில் இருந்தார்கள். வெளியே வந்தபோது இரண்டாவதுதான் மிஞ்சியது. சண்டை நின்றதற்கு அவர்கள் கொடுத்த விலை அது, கொடுத்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

தோட்டக்காரரைக் கெட்டவராகக் காட்ட நான் இதை எழுதவில்லை. அவரே பட்டா இல்லாத மனிதர். அவர் மனசார விரும்பினாலும் அந்தப் பாதையை யாருக்கும் நிரந்தரமாக எழுதிக் கொடுத்திருக்க முடியாது, ஏனென்றால் நிலம் செக்‌ஷன் 17.

சமவெளி வாசகர்களுக்கு இந்த செக்‌ஷன் 17 புரிய வாய்ப்பில்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் சுமார் 80,000 ஏக்கர் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரை உடைமை. கோவிலகம் அதில் பெரும்பகுதியைத் தோட்டக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டது. அங்கே அதற்கு முன்பே இருந்த பணியரையும் காட்டுநாயக்கரையும் குறும்பரையும் யாரும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. 1969-ல் தமிழக அரசு ஜென்மத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது, 1974-ல் நடைமுறைக்கு வந்தது. சாகுபடி செய்தவருக்கு ரயத்துவாரி பட்டா (அரசே நேரடியாகக் கொடுக்கும் பட்டா), காடு அரசுக்கு என்பது ஏற்பாடு. கம்பெனிகளின் குத்தகைத் தோட்டங்கள் பதினேழாவது பிரிவில் வந்தன, குத்தகை தொடரும், பொதுநன்மைக்கு வேண்டும் என்று அரசு கருதினால் முடித்துக்கொள்ளலாம் என்று. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. 1972-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு, காட்டை அரசு எடுக்கும் பகுதியை மட்டும் ரத்து செய்தது. 1974-ல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தையே திருத்தி நீதிமன்றம் கைவைக்க முடியாதபடி இந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் கொண்டுபோய் வைத்தது. அதை எதிர்த்த வழக்கு வளர்ந்து வளர்ந்து 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து தீர்ப்பு எழுதினார்கள், ஒன்பதாவது அட்டவணைக்குள் ஒளித்துவைத்தாலும் 1973 ஏப்ரலுக்குப் பின் சேர்த்த சட்டங்களை நீதிமன்றம் சோதித்துப் பார்க்கலாம் என்று. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடம் அது. 2010-ல் கூடலூர்ச் சட்டம் அந்தச் சோதனையிலும் தேறியது.

சரி, தேறியதே, அதற்கப்புறம்? கம்பெனிக்காரர் தோட்டத்தில் இருக்கிறார். நடுவில் வந்து குடியேறிய சிறு விவசாயி பட்டா இல்லாமல் இருக்கிறார். பட்டா இல்லாததால் எத்தனையோ குடும்பங்களுக்குப் பல வருடங்களாகக் கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை. அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பையே அலச வைத்த மண்ணில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும், அவர்களுக்கு நான்தான் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது அந்தப் பேச்சுவார்த்தையை மறுபடி பாருங்கள். ஒரு பக்கம் பாதை கேட்கும் பணியர், மறுபக்கம் பட்டா இல்லாத தோட்டக்காரர், நடுவில் நடுநிலையாளராக வருவாய்த் துறை. நிலத்துக்கு இன்று வரை ஒரு முடிவு சொல்லாமல் வைத்திருப்பது யார்? அதே துறையின் மேலே இருக்கும் அரசு. ஆக, தகராறில் மூன்றாவது தரப்பு நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, மற்ற இரண்டு பேரையும் பார்த்து "விட்டுக்கொடுத்துப் போங்கப்பா" என்கிறது. தாசில்தார்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, பலர் நல்ல மனிதர்கள், இரவு பத்து மணிக்கு மழையில் மறியல் நடக்கும் இடத்துக்கு வந்து நிற்பவர்கள். அவர்களிடம் கொடுக்கப்பட்டிருக்கும் வேலையே சத்தத்தை நிறுத்துவதுதான், நிலத்தை அளந்து கொடுப்பது அவர்கள் கையில் இல்லை.

இதே வேலை பெரிய அளவில் நடந்து அதில் பந்தாடப்பட்டவர்கள் எங்கள் ஜனங்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கை மலையகத் தமிழர் 9,75,000 பேர், அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று. அந்த மிச்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு நாட்டுக்கும் இடையே இருந்த சிக்கல் சுமூகமாகத் தீர்ந்தது என்றுதான் அன்றைய பத்திரிகைகளும் போட்டிருக்கும். அந்த மேஜையில் கொழுந்து பறித்த கை ஒன்றுகூட இல்லை. எந்த நாட்டுக்குப் போக விருப்பம் என்று விண்ணப்பம் வாங்கினார்களே தவிர, இத்தனை பேர் அங்கே இத்தனை பேர் இங்கே என்ற கணக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. என் அம்மா ஒரு தகரப் பெட்டியோடு மண்டபம் முகாமில் வந்து இறங்கினாள், அங்கிருந்து இந்த மலைக்கு. அரசு எங்களுக்காகக் காட்டை வெட்டித் தேயிலை வைத்தது, 1968-ல் ஆரம்பித்த அந்த வேலைதான் பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. யாருடைய காடு, யார் அதில் தேன் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று வந்தவர்களுக்கும் தெரியாது, சொல்வாரும் இல்லை. டான்டீ பல வருடம் நஷ்டத்தில் ஓடியது, 2,000 ஹெக்டேருக்கு மேல் மறுபடி வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022-ல் அரசு முடிவு செய்தது, ஓய்வுபெற்ற தொழிலாளி லயன் வீட்டை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) காலி செய்துவிட்டு எங்கே போவான் என்பது அடுத்த பேச்சுவார்த்தை. கொழும்பிலும் டெல்லியிலும் தீர்த்த தகராறு ஐம்பது வருஷம் கழித்து ஒரு ஒற்றையடிப் பாதையில் வந்து நிற்கிறது, எதிரெதிரே நிற்பவர்கள் இருவருமே அதைக் கேட்டு வாங்காதவர்கள்.

வன உரிமைச் சட்டம் வந்தபோது நிறையப் பேர் இனி வழி பிறக்கும் என்று நினைத்தோம். 2006-ல் நிறைவேறிய அந்தச் சட்டப்படி 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டை அனுபவித்து வரும் பழங்குடிக்கு உரிமை உண்டு, மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம் அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தாயகம் திரும்பியோர் எழுபதுகளில் வந்தவர்கள், அவர்களால் காட்ட முடியாது. அது நியாயமான வரிசைதான் என்பது என் கருத்து, என் ஜனங்களில் பலர் என்னோடு இதற்காகச் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். முதலில் இருந்தவனுக்கு முதலில் கொடு, பிறகு வந்தவனுக்கு வேறு வழியில் கொடு, ஒருவன் தட்டிலிருந்து எடுத்து இன்னொருவனுக்கு வைக்காதே. ஆனால் நடந்தது என்ன? 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்தது, பட்டா கொடுப்பதற்கு முன் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று. அது நீங்கியது 2016-ல். அந்த எட்டு வருடத்தில் இந்த மலையில் எத்தனை சமாதானக் கூட்டங்கள் நடந்திருக்கும், எத்தனை பேர் "உரிமை கோரமாட்டோம்" என்று தாளில் கைநாட்டு வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தத் தாளுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் ஓர் எழுத்தாளரை இப்படித்தான் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைத்து, மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரை எந்த விதத்திலும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவருக்காக நீதிமன்றம் போகப் பலர் இருந்தார்கள், நல்லது. காலனியில் கைநாட்டு வைத்தவர், அதிகாரி முன்னால் வைத்ததாயிற்றே, மீறினால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயந்து அந்தப் பாதைப் பக்கமே போவதில்லை. நீதிமன்றத்தில் செல்லாத தாள் ஊரில் செல்லும்.

இன்னொன்று, கைகலப்பு சமயத்தில் பேசிய பேச்சு. பல தகராறுகளில் சாதியைச் சொல்லித் திட்டுவதும் தள்ளிவிடுவதும் இருக்கும். நான் சொன்ன வழக்கில் தோட்டக்காரரும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், அதனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அங்கே பொருந்தாது. பொருந்துகிற இடங்கள் நிறைய இருக்கின்றன. மற்றவர்களைப் போலச் சுடுகாட்டையும் நீர்நிலையையும் பொதுவழியையும் பயன்படுத்தவிடாமல் தலித்துகளையும் பழங்குடியினரையும் தடுப்பதே குற்றம் என்று 2015-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இது தாசில்தார் முன்னால் ராஜியாகிற குற்றம் அல்ல. ஆனாலும் "இரு தரப்பும் புகார் கொடுப்பதில்லை" என்ற வரி எல்லாத் தாளிலும் அச்சடித்த மாதிரி இருக்கிறது. அடித்தவனும் அடி வாங்கினவனும் அந்த வரியில் சரிசமமாகிவிடுகிறார்கள். இது மலையில் மட்டும் நடப்பது இல்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித்துகளைக் கோயிலுக்குள் விடமாட்டோம் என்று தகராறு வந்தது, பேச்சுவார்த்தைகள் தோற்றன, 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். உள்ளே போகும் உரிமை கேட்டவருக்கும் தடுத்தவருக்கும் ஒரே பூட்டு.

யானை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கூடலூர்ப் பக்கம் சாலை மறியல் என்றால் பாதிக்கு மேல் யானைதான். யானையும் முதலில் இருந்தவர் கட்சிதான், அதை விடுங்கள். இரவில் வேலை முடிந்து வருகிறவரை யானை அடித்துவிடுகிறது, உடலை எடுக்கவிடாமல் ஜனங்கள் மறியல் செய்கிறார்கள், ரேஞ்சர், டி.எஸ்.பி., தாசில்தார் எல்லோரும் வருகிறார்கள். நிவாரணத்தில் முதல் தவணை உடனே, மிச்சம் பிறகு, வேட்டைத் தடுப்புக் காவலர் ரோந்து, தெருவிளக்கு என்று ஒப்புக்கொள்கிறார்கள், மறியல் முடிகிறது. பணம் வந்துவிடுகிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தெருவிளக்கு? "அந்தப் பகுதி செக்‌ஷன் 17, சார், கம்பம் நட முடியாது." அதே இடத்தில் அடுத்த மறியலில் அதே தெருவிளக்கு மறுபடியும் உடன்பாட்டில் ஏறும். நானே இரண்டுக்கும் மனு தட்டச்சு செய்திருக்கிறேன், பழைய ஃபைலைத் திறந்து தேதியை மட்டும் மாற்றினால் போதும்.

பழனி மலைக்காரர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலைக் கதை உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கிடந்தது 2001 மார்ச்சில் வெளியே வந்தது, தொழிற்சாலை மூடப்பட்டது. 2016 மார்ச்சில்தான் இந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனி 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. மனிதாபிமான அடிப்படையில் கொடுக்கிறோம் என்றது கம்பெனி, உங்கள் உடம்புக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்லவில்லை. மண்ணைச் சுத்தம் செய்யும் அளவு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்பது, போதவே போதாது என்று சூழல் ஆட்கள் கடைசி வரை சண்டை போட்டார்கள். நியாயம் முழுசாகக் கிடைத்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தது கம்பெனி, பாதரசத்தைக் கொண்டுவந்த அதே கம்பெனி. எங்கள் பக்கம் எதிரில் உட்காருவது எப்போதும் பக்கத்து வீட்டுக்காரன்.

பேச்சுவார்த்தையே வேண்டாம், கோர்ட்டுக்குப் போ என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஊட்டி கோர்ட்டுக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போய்விடும், வாய்தா வாய்தாவாக வழக்கு நீண்டு பேரன் காலத்தில் தீர்ப்பு வரும். பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிறவர்கள் காலையில் முகத்தில் முழிக்க வேண்டும், குழந்தைகள் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போகின்றன. நல்லபடியாக முடிந்த ஒன்றையும் பார்த்திருக்கிறேன். ஒரு எஸ்டேட் ஓரத்தில் இரண்டு லயனுக்கும் மேலே இருந்த காலனிக்கும் தண்ணீர்ச் சண்டை, குடம் தூக்கி அடித்துக்கொள்ளும் அளவுக்கு. அன்று வந்த துணை தாசில்தார் ஒரு பெண். அலுவலகத்துக்குக் கூப்பிடாமல் டேங்க் இருக்கும் இடத்திலேயே எல்லோரையும் உட்காரவைத்தார், தண்ணீர் தூக்கும் பெண்களை முதலில் பேசச் சொன்னார், ஆண்கள் குறுக்கே பேசினால் கை காட்டி நிறுத்தினார். அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது, காலனிக்கென்று ஒதுக்கிய பைப் லைனை ஊராட்சி போடவே இல்லை, ஒரு லைனை மூன்று இடத்துக்குப் பிரித்துவிட்டு அடித்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள். உடன்பாட்டுத் தாளில் மூன்றாவது தரப்பாக ஊராட்சியை எழுதிக் கையெழுத்தும் வாங்கினார். லைன் வந்தது. கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. அந்த அம்மாவைச் சீக்கிரமே மாற்றிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், காரணம் அதுதானா என்று எனக்குத் தெரியாது.

சமாதானம் பேசுவதற்கு முன்னால் யாருக்கு என்ன பாக்கி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், பாக்கி வைத்தவரையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும், என் வாதம் அவ்வளவுதான். வன உரிமைச் சட்ட விதிகளில் இதற்கு ஒரு மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. 2012-ல் திருத்திய விதிப்படி கிராம சபையில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் தீர்மானம் செல்லாது. சாதாரணச் சமாதானக் கூட்டத்துக்கு இப்படி ஒரு விதியும் கிடையாது. காலனியிலிருந்து இரண்டு பேரைப் பிடித்து வந்து உட்காரவைத்தால் காலனியே சம்மதித்ததாகக் கணக்கு. தாளை அவர்கள் பேச்சில் வாய்விட்டுப் படித்துக் காட்டி, கேட்டவர் திருப்பிச் சொன்ன பிறகு கைநாட்டு வாங்கினால் என்ன? நகலை அன்றே கையில் கொடுத்தால் என்ன? அன்றைய கூலியைக் கொடுத்தால் என்ன? உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்ற வரியைச் சமாதானத் தாளில் எழுதவே கூடாது, உரிமை இருக்கிறதா இல்லையா என்பது சிவில் கோர்ட்டும் கிராம சபையும் பார்க்க வேண்டிய விஷயம் என்று கலெக்டர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் என்ன? இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, பட்ஜெட் வேண்டியதில்லை.

உங்களிடம் கேட்பது வேறு. உங்கள் நிருபர்கள் மறியல் நடக்கும்போது வருகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், கலைந்து சென்றனர் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். யார் யார் கையெழுத்துப் போட்டார்கள், எதை எந்தத் தேதிக்குள் செய்வதாக ஒப்புக்கொண்டார்கள் என்பதை இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்குப் போய்ப் பார்த்து அதையும் போடுங்கள். தேர்தல் வாக்குறுதிகளை வரிசைப்படுத்திப் போடும் நீங்கள் இதையும் செய்ய முடியும். தெருவிளக்கு வருவதாக மூன்று முறை செய்தி போட்ட ஓர் இடம் எனக்குத் தெரியும், அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அந்த இடுகாட்டுப் பாதைக்கு இப்போது புது மனு போயிருக்கிறது, இந்த முறை சப்-கலெக்டருக்கு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு நகல். பாதை எப்போதிருந்து இருக்கிறது என்று சொல்லக்கூடிய வயதானவர்கள் காலனியில் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் பேசுவார்கள். நிருபரை அனுப்புவதாக இருந்தால் அலுவலகத்தில் சொல்லி எனக்குத் தகவல் கொடுங்கள், கூட வந்து வழி காட்டுகிறேன். ஜூனுக்கு முன் வந்தால் நல்லது, மழை பிடித்துவிட்டால் அந்த ஏற்றத்தில் ஜீப் ஏறாது.

இப்படிக்கு,
மனு எழுதுபவர்,
நீலகிரி மாவட்டம்
(பெயரை வெளியிட வேண்டாம்)